கூகிளில் கடை தெரிகிறது, போன் வரவில்லை: கீவேர்ட் குழுவிலும் தேடும் நோக்கத்திலும் வரும் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்டப் பனம்பொருட்களும் கறித்தூளும் விற்கும் ஒரு ஐயா ஒருநாள் விடியவே போன் எடுத்தார். “தம்பி, கூகிளிலை கடை தெரியுது, சனம் பாக்குது எண்டு நீர் சொல்லுறீர். ஆனா ஒருத்தரும் எடுத்துக் கதைக்கினமில்லையே. எங்கை பிழை?”

யாழ்ப்பாணத்தில் சிறு கடைகளுக்கும் தங்குமிடங்களுக்கும் இணையத்தளம் செய்துகொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வியை வேறு வேறு குரல்களில் கனக்கக் கேட்டிருக்கிறேன். தளம் வடிவாக இருக்கும், போனில் வேகமாகத் திறக்கும், படங்களும் நன்றாக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பிழைகளில் ஒன்று கிடக்கும். ஒரே தேவைக்குத் தேடப்படும் சொற்கள், அதாவது கீவேர்ட்கள், நாலைந்து பக்கங்களில் சிதறியிருக்கும். அல்லது வேறு வேறு தேவைக்குத் தேடப்படும் சொற்கள் ஒரே பக்கத்துக்குள் திணிக்கப்பட்டிருக்கும். கீழே அறிகுறி அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தளத்தில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

தொடங்க முன் ஒரு சோதனை

கூகிள் சேர்ச் கொன்சோல் (உங்கள் தளம் கூகிளில் எந்தச் சொல்லுக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி), ஒரு கூகிள் ஷீட், கடையின் வாட்ஸ்அப். இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒருவர் தட்டும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒன்றை அறிய வேண்டும், ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக வேண்டும், ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வேண்டும் என்று அந்த வேலைகளை 2002 இல் அன்ட்ரெய் புரோடர் என்ற கணினி அறிஞர் மூன்றாகப் பிரித்தார். வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பிறகு வந்தவர்கள் நாலாவதாகச் சேர்த்தார்கள். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுவோருக்குக் கூகிள் கொடுக்கும் வழிகாட்டியில் ‘நேரில் போய்ப் பார்ப்பது’ என்ற நோக்கமும் உண்டு. எங்கள் ஊர்க் கடைகளுக்கு அதுதான் சோறு போடுவது.

ஒரு சொல்லுக்கு இதில் எது பொருந்தும் என்று இருந்து யோசிக்கத் தேவையில்லை. அந்தச் சொல்லையே தேடுங்கள். முதல் பத்து முடிவுகளில் செய்முறைகளும் யூடியூப் வீடியோக்களும் நிறைந்திருந்தால் தேடுகிறவர் சமைக்கப் போகிறார். விலையோடு கடைகள் நிறைந்திருந்தால் வாங்கப் போகிறார். மேலே வரைபடமும் அதன் கீழே மூன்று கடைகளும் வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படப் போகிறார். எந்தச் சொல்லைத் தட்டியவர்கள் எதை விரும்பித் திறந்தார்கள் என்பதைக் கூகிள் இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறது. அந்த முடிவுப் பக்கத்தை நம்பலாம்.

இரண்டு சொற்களை ஒரே குழுவில் வைப்பதா, பிரிப்பதா என்பதற்கும் இதே வழிதான். இரண்டையும் தனித்தனியே தேடி முதல் பத்து இணைப்புகளை ஒப்பிடுங்கள். மூன்று நாலு இணைப்புகள் இரண்டிலும் இருந்தால் அந்த இரண்டு சொல்லுக்கும் ஒரே பக்கம் போதும். ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால் இரண்டு பக்கம் வேண்டும். இது கூகிள் எழுதிவைத்த விதி கிடையாது, இந்த வேலையில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. எனக்கு இது பெரும்பாலும் கைகொடுத்திருக்கிறது. பிரவுசரின் இன்கொக்னிட்டோ சாளரத்தில் பார்ப்பது நல்லது. ஆனால் அது உங்கள் பழைய தேடல்களைத்தான் ஒதுக்கும், நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து தேடுவதை மறைக்காது.

அறிகுறி: இம்பிரெஷன் ஏறுகிறது, கிளிக் ஏறவில்லை

சேர்ச் கொன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, கடந்த மூன்று மாதத்தை எடுத்து, சொற்களை இம்பிரெஷன் வரிசையில், அதாவது தேடல் முடிவுகளில் எத்தனை தரம் காட்டப்பட்டது என்ற வரிசையில், அடுக்குங்கள். சராசரி இடத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நாடு என்ற ஃபில்டரில் இலங்கையைத் தெரிவு செய்யுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. சராசரி இடம் எல்லா நாடுகளையும் கலந்த சராசரி. ஒரு சொல்லுக்கு இலங்கையில் 3 ஆம் இடத்திலும் இந்தியாவில் 45 ஆம் இடத்திலும் இருந்தால், கலந்து காட்டும் எண் இரண்டு நாட்டுக்கும் பொய் சொல்லும்.

நாட்டைப் பிரித்த பிறகும் இடம் பத்தைத் தாண்டிக் கிடந்தால் கிளிக் இல்லாததில் ஆச்சரியம் இல்லை. முதல் பக்கத்தில் இல்லாத கடையை யாரும் போய்த் தேடிப் பிடிப்பதில்லை. ‘இரண்டாம் பக்கத்தில் நிற்கிறது’ என்ற அறிகுறிக்குப் போங்கள். இடம் எட்டுக்குள் இருந்தும் கிளிக் இல்லையென்றால் தேடல் முடிவில் பெரிதாகத் தெரியும் தலைப்பை, அதாவது டைட்டிலைப் பாருங்கள். ஐயாவின் தூள் பக்கத்துக்கு டைட்டில் ‘எமது உற்பத்திகள்’ என்று இருந்தது. ‘யாழ்ப்பாண மிளகாய்த்தூள் ஒரு கிலோ விலை’ என்று தேடுகிறவருக்கு அந்த இரண்டு சொல்லில் என்ன தெரியும்? அதை ‘யாழ்ப்பாண மிளகாய்த்தூள்: வறுத்து இடித்தது, 250 கிராம் முதல் 1 கிலோ வரை விலை’ என்று மாற்றினோம். விலையைப் பக்கத்தின் மேல் பகுதியிலும் போட்டோம். “விலையைப் போட்டா மற்றக் கடைக்காரர் பாப்பினம்” என்று ஐயா தயங்கினார். அவர்கள் கடைக்கு வந்தே பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சில தேடல்களுக்குக் கூகிளே விடையை மேலே எழுதிவிடும். நாணய மாற்று, காலநிலை, ஒரு விழாவின் திகதி போன்றவை அப்படி. அந்தச் சொற்களைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், அவற்றுக்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி: ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் மாறி மாறி வருகின்றன

இது நான் அதிகம் காணும் நோய். சேர்ச் கொன்சோலில் ஒரு சொல்லைக் கிளிக் செய்து, பிறகு பக்கங்கள் என்ற தாவலைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு உங்கள் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் காட்டப்பட்டன என்று வரும். இரண்டு மூன்று பக்கங்கள் இம்பிரெஷனைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு கிழமை ஒன்றும் மறு கிழமை மற்றதும் மேலே நின்றால் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன.

ஐயாவின் தளத்தை முன்பு செய்தவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். யாழ்ப்பாண மிளகாய்த்தூள் ஒன்று, யாழ்ப்பாணக் கறித்தூள் ஒன்று, யாழ்ப்பாணத் தூள் ஒன்று, வறுத்த சரக்குத்தூள் ஒன்று. எங்கள் வீடுகளில் “தூள் முடிஞ்சுது” என்றால் எந்தத் தூள் என்று யாரும் கேட்பதில்லை. செத்தல் மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என்று வறுத்து இடித்த அந்த ஒன்றுதான். நாலு பேரும் தேடுவது ஒரே போத்தலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தளத்தில் நாலு பக்கம், நாலிலும் ஒரே படம், கிட்டத்தட்ட ஒரே பந்தி.

நானும் ஐயாவின் மகளும் கடையில் இருந்தபடியே சோதித்தோம். அவர் போனிலும் நான் மடிக்கணினியிலும் இவ்விரண்டாகத் தேடி, பொதுவாக வரும் இணைப்புகளை ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்தோம். முதல் மூன்று சொற்களுக்கும் முடிவுகள் பெரும்பாலும் ஒன்றாக இருந்தன. நாலாவதில் வேறுபாடு தெரிந்தது. சரக்குத்தூள் என்று தேடியபோது பத்தியச் சாப்பாட்டுப் பக்கங்கள் வந்தன. “அது பிள்ளை பெத்தவைக்குச் சரக்குக்கறி வைக்கிற தூள் அண்ணை. வேறை சாமான்” என்று மகள் சொன்னார். தளம் செய்தவருக்கும் எனக்கும் தெரியாத ஒன்றைக் கடையில் நிற்கிறவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஆகவே மூன்றை ஒன்றாக்கி, நாலாவதைச் சரக்குக்கறித் தூள் பக்கமாகத் திருத்தி எழுதினோம். மூன்றில் எதை வைத்துக்கொள்வது? அதிக கிளிக் வரும் பக்கத்தை. மற்றத் தளங்கள் ஏதாவது இணைப்புக் கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். மற்ற இரண்டில் உள்ள பயனான வரிகளை அதற்குள் கொண்டுவந்து, பழைய முகவரிகளை 301 ரீடைரெக்டில் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) வைத்துக்கொண்ட பக்கத்துக்குத் திருப்புங்கள். தளத்துக்குள்ளே பழைய பக்கத்துக்குப் போகும் இணைப்புகளையும் தேடி மாற்றுங்கள். மெனுவிலும் முகப்பிலும் ஒன்றிரண்டு தப்பிக் கிடக்கும். பக்கத்தை வெறுமனே அழித்துவிட்டு விடாதீர்கள், அது சேர்த்துவைத்த மதிப்பும் சேர்ந்து போகும். ஏதோ காரணத்துக்காக இரண்டு பக்கமும் இருக்கத்தான் வேண்டும் என்றால் பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் கனோனிக்கல் என்ற குறிப்பால் எது முதன்மை என்று கூகிளுக்குச் சொல்லலாம். ஆனால் கூகிள் அதை ஒரு பரிந்துரையாகத்தான் எடுக்கும், கட்டளையாக எடுக்காது.

ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம் தெரிந்தவுடன் பதறவும் வேண்டாம். செய்முறைப் பக்கம் ஒன்றும் விற்பனைப் பக்கம் ஒன்றும் சேர்ந்து முதல் பத்துக்குள் நின்றால் அது உங்களுக்கு இலாபம். நோக்கம் ஒன்றாக இருந்து இரண்டும் கீழே இழுபட்டால்தான் ஒன்றாக்க வேண்டும்.

அறிகுறி: சொற்பட்டியல் நீளமாக இருக்கிறது, குழு பிடிபடவில்லை

கீவேர்ட் கருவி ஒன்று முந்நூறு சொற்களைக் கொட்டும். அதை இன்னொரு கருவியில் போட்டால் ஒரே சொல் உள்ளவற்றை ஒரே கட்டாகக் கட்டித் தரும். தமிழில் இது அடிக்கடி பிழைக்கும். ஒடியல் என்ற ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம்.

ஒடியல் மா விலை. ஒடியல் கூழ் செய்வது எப்படி. ஒடியல் கூழ் என்னென்ன போடுவது. ஒடியல் பிட்டு. ஒடியல் நன்மைகள். புழுக்கொடியல் வாங்க. புழுக்கொடியல் கனடா. ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வித்தியாசம். கருவிக்கு இவை எல்லாம் ஒடியல் குழு. ஆனால் பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். முதலாவதை மாவாக்கிக் கூழுக்கும் பிட்டுக்கும் எடுக்கிறோம். மற்றதை அப்படியே கடித்துச் சாப்பிடுகிறோம். வாங்குகிறவர் வேறு, வாங்கும் காரணமும் வேறு.

ஷீட்டில் நாலு நிரல் போதும். சொல், தேடுகிறவரின் வேலை, முடிவுப் பக்கத்தில் மேலே நிற்பது என்ன வகை, எங்கள் தளத்தில் எந்தப் பக்கம். இரண்டாம் நிரலை ஒரு வினைச்சொல்லால் நிரப்புங்கள்: வாங்க, சமைக்க, அறிய, ஒப்பிட, போக. பெயர்ச்சொல்லைக் கொண்டு அடுக்கினால் எல்லாம் ஒடியலாகத் தெரியும், வினைச்சொல்லைக் கொண்டு அடுக்கினால் தானாகப் பிரியும். மேலே உள்ள எட்டும் இப்படி நாலு பக்கமாக விழுந்தன. ஒடியல் மா விற்கும் பக்கம், புழுக்கொடியல் விற்கும் பக்கம், கூழும் பிட்டும் செய்யும் முறை, ஒடியல் வகைகளும் நன்மைகளும். கூழும் பிட்டும் ஒரே பக்கத்தில் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. தேடிப் பார்த்தபோது முடிவுகள் பொருந்தவில்லை. பிட்டுக்கு எழுத எங்களிடம் விஷயமும் குறைவாக இருந்ததால், கூழை மட்டும் நன்றாக எழுதிப் பிட்டை விட்டுவிட்டோம்.

இனி வாட்ஸ்அப். ஒரு சொல் மாதம் எத்தனை தரம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகிளின் கீவேர்ட் பிளானர் எங்கள் ஊர்த் தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு எண்ணே காட்டாது. விளம்பரத்துக்குக் காசு கட்டாத கணக்கென்றால் மற்றவற்றுக்கும் அகன்ற ஒரு வீச்சைத்தான் காட்டும். ஒருவரும் தேடவில்லை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கடையின் வாட்ஸ்அப்பில் கடைசி இருநூறு செய்திகளை மேலே தள்ளித் தள்ளி வாசியுங்கள். “லண்டனுக்கு அனுப்புவீங்களா”, “அரைக் கிலோ எவ்வளவு”, “இது உறைப்புக் கூடவா”, “பிள்ளையளுக்குக் குடுக்கலாமா”. சனம் கூகிளிலும் இப்படித்தான் கேட்கிறது. அந்தச் சொற்களைத் தேடல் பெட்டியில் தட்டும்போது கீழே விரியும் பரிந்துரைகளையும், முடிவுப் பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியையும்விட நல்ல பட்டியல் இதில் கிடைக்கும்.

இந்தச் சொற்களைக் கொண்டுபோய், பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக இருக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா குறியில் நிரப்ப வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் 2009 இலேயே சொல்லிவிட்டது. இன்றும் அதற்குத் தனிக்கட்டணம் கேட்பவர்களைக் காண்கிறேன், காசு கொடுக்காதீர்கள்.

அறிகுறி: கிளிக் வருகிறது, போன் வரவில்லை

நல்லூரடியில் தங்குமிடம் நடத்தும் ஒரு அக்காவின் தளத்தில் ஒரு பக்கம் மட்டும் நல்ல ஓட்டம். குறிகாட்டுவான் இறங்குதுறையில் இருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகு எத்தனை மணிக்கு என்று விளக்கும் பக்கம் அது. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒன்றுக்கு வரும் கிளிக் இல்லை. ஆனால் ஒரு அறைகூட அதனால் போகவில்லை. அந்தப் பக்கத்தை அறை விற்பனைப் பக்கமாக மாற்றட்டுமா என்று கேட்டார்.

மாற்றினால் இரண்டும் கெடும். படகு நேரம் தேடுகிறவருக்கு இப்போது படகு நேரம்தான் வேண்டும். அதற்கு மேலே அறைப் படத்தைப் போட்டால் உடனே திரும்பிவிடுவார். அந்தப் பக்கத்தைப் படகுப் பக்கமாகவே விடுங்கள். இன்னும் திருத்தமாக்குங்கள், காற்றுக் கடுமையான நாட்களில் சேவை மாறலாம் என்பதையும் எழுதுங்கள். பிறகு அவருடைய அடுத்த தேவை என்ன என்று யோசியுங்கள். காலைப் படகைப் பிடிக்க வேண்டியவர் முதல்நாள் இரவு யாழ்ப்பாணத்தில் தங்க வேண்டும். விடிய எழும்பி எப்படிக் குறிகாட்டுவானுக்குப் போவது என்று தெரிய வேண்டும். “காலைப் படகுக்குப் போகிறவர்களுக்கு நேரத்தோடு சாப்பாடு கட்டித் தருகிறோம், வானும் ஒழுங்கு செய்யலாம்” என்று நேரப் பகுதி முடியும் இடத்தில் இரண்டு வரியும் ஒரு இணைப்பும் போட்டோம். அந்த இணைப்பு அறைப் பக்கத்துக்குப் போகிறது. அறைப் பக்கம் தன் பங்குக்கு ‘நல்லூர் கோவிலுக்கு அருகில் தங்குமிடம்’ போன்ற சொற்களைச் சுமக்கிறது. இப்போது போன் எடுப்பவர்களில் சிலர் “சாப்பாடு கட்டித் தருவீங்களாம்” என்றே தொடங்குகிறார்கள் என்று அக்கா சொல்கிறார்.

உங்கள் தளத்திலும் கிளிக் வரும் முதல் பத்துச் சொற்களை எடுத்து வினைச்சொல்லை எழுதுங்கள். எல்லாமே ‘அறிய’ என்று வந்தால் போன் வராததன் காரணம் அதுதான். ‘வாங்க’, ‘போக’ என்ற நோக்கங்களுக்கு உங்களிடம் பக்கம் இல்லை, அல்லது இருந்தும் கீழே கிடக்கிறது.

அறிகுறி: நல்ல பக்கம், ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே நிற்கிறது

எழுத்தைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு, முதல் பத்தில் நிற்பவை என்ன வடிவம் என்று பாருங்கள். ‘யாழ்ப்பாணத்தில் காணி விற்பனைக்கு’ என்ற சொல்லுக்குப் பல காணிகளை வரிசையாகக் காட்டும் பட்டியல் பக்கங்கள் நிற்கும் இடத்தில், கோண்டாவிலில் உள்ள ஒரே ஒரு காணியின் பக்கம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் ஏறாது. தேடுகிறவர் பலவற்றைப் பார்த்துத் தெரிவு செய்ய வந்திருக்கிறார். பட்டியல் பக்கம் ஒன்றை உருவாக்கி, தனிக் காணிப் பக்கங்களை அதன்கீழ் தொங்கவிட வேண்டும். தனிப் பக்கம் ‘கோண்டாவில் 4 பரப்புக் காணி’ போன்ற ஒடுங்கிய சொல்லை வெல்லட்டும்.

இங்கே ஒரு சொல் முக்கியம். கொழும்பில் இருப்பவர் பேர்ச்சில் தேடுவார், எங்கள் ஆள் பரப்பில் தேடுவார். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள், தனித்தனிப் பக்கம் வேண்டாம். வேலை ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

அறிகுறி: வேறு ஊர்க்காரர் வருகிறார்கள்

சேர்ச் கொன்சோலில் நாடுகள் தாவலைத் திறந்தபோது, பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரின் தளத்துக்கு இம்பிரெஷன் முக்கால்வாசியும் இந்தியாவில் இருந்து வந்திருந்தது. சொல்லைப் பார்த்தவுடன் விளங்கியது: ‘திருநெல்வேலி அறை வாடகை’. யாழ். பல்கலைக்கழகம் இருக்கும் எங்கள் திருநெல்வேலிக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய நகரமும் மாவட்டமும் பெயர்த் துணை. அந்தச் சொல்லுக்காக அவர்களோடு போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை. அங்கே அறை தேடுகிறவருக்குப் பரமேஸ்வராச் சந்தியில் அறை காட்டி என்ன பயன்?

தனி ஊர்ப்பெயரைக் குழுவின் தலைச்சொல்லாக வைக்காதீர்கள். ‘யாழ் பல்கலைக்கழகத்துக்கு அருகில் மாணவர் போர்டிங்’ என்பதைத் தலைச்சொல்லாக்கி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம் என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். முழு முகவரியையும், கிட்டவுள்ள சந்தியையும், வரைபடத்தையும் போடுங்கள். காரைநகர்க் கோவளம் கடற்கரைக்கும் இதே பிரச்சினை உண்டு, கேரளத்திலும் சென்னைப் பக்கத்திலும் கோவளங்கள் இருக்கின்றன. ‘யாழ்’ என்ற குறுக்கமும் தனியே நின்றால் வாத்தியத்தையும் குறிக்கும். டைட்டிலில் ஒரு முறையாவது யாழ்ப்பாணம் என்று முழுதாக எழுதுங்கள்.

அறிகுறி: தமிழில் வருகிறது ஆங்கிலத்தில் வரவில்லை, அல்லது மறுபக்கம்

எங்கள் வாடிக்கையாளர் மூன்று விதமாகத் தட்டுகிறார். தமிழ் எழுத்தில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் தமிழை. ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளை அம்மாவுக்குப் பனங்கட்டி வாங்க ஆங்கிலத்தில் தேடும். அம்மா போனில் குரலால் தமிழில் கேட்பார். இரண்டு பேரின் வேலையும் ஒன்றுதான், ஆனால் முடிவுப் பக்கங்கள் பொதுவாக வேறுபடும். எனவே தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம், இரண்டையும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பால் (ஒரே பக்கத்தின் வேறு மொழிப் பதிப்பு எது என்று கூகிளுக்குச் சொல்வது) ஒன்றுக்கொன்று இணைத்துவிடுங்கள். ஒரே பக்கத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலந்து எழுதினால் இரண்டு பேருக்கும் அரைகுறையாக இருக்கும். ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழுக்குத் தனிப் பக்கம் தேவையில்லை. ஆங்கிலப் பக்கத்தில் பொருளின் தமிழ்ப் பெயரை அந்த எழுத்தில் ஒரு முறை எழுதினால் போதும்.

எழுத்து வேறுபாடுகளுக்கும் பக்கம் பிரிக்க வேண்டாம். பனாட்டு, பினாட்டு இரண்டும் ஒரே பாய்ப் பனாட்டுத்தான். ஒன்றைத் தலைப்பில் வைத்து மற்றதைப் பந்திக்குள் சொல்லிவிடலாம். ஓட்டோவும் ஆட்டோவும், ரியூசனும் டியூஷனும் அப்படியே. எங்கள் ஊர் எழுத்தில் எழுதினால் ஆள் வராது என்று பயந்து எல்லாவற்றையும் சென்னை வழக்குக்கு மாற்றும் தளங்களைப் பார்க்கிறேன். உங்கள் கடைக்கு நடந்து வரக்கூடியவர் எப்படி எழுதுவாரோ அப்படி எழுதுங்கள். அவர்தான் காசு கொடுக்கப் போகிறவர்.

அறிகுறி: ஊர் ஊராகப் பக்கம் எழுதியும் கூகிள் சேர்க்கவில்லை

ஏசி திருத்தும் ஒரு தம்பி, மானிப்பாய், சுன்னாகம், கோப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இருபது பக்கம் போட்டிருந்தார். பாதிக்கு மேல் ‘கூகிள் பார்த்தது, ஆனால் அட்டவணையில் சேர்க்கவில்லை’ என்ற நிலையில் கிடந்தன. ஊர்ப்பெயரை மாற்றி அடித்த இத்தகைய பக்கங்களைக் கூகிளின் ஸ்பாம் விதிகள் வாசல் பக்கங்கள் என்று கூறி விலக்குகின்றன.

இருபதையும் ஒரு சேவைப் பக்கமாக்கி, எந்த ஊருக்கு எவ்வளவு நேரத்தில் வரலாம், போக்குவரத்துக் கட்டணம் எவ்வளவு என்று அட்டவணை போட்டோம். ‘அருகில் ஏசி திருத்துபவர்’ போன்ற சொற்களுக்கு மேலே வரைபடம்தான் வருகிறது. அங்கே தெரிய வேண்டுமென்றால் கூகிள் பிசினஸ் புரொஃபைல், அதாவது வரைபடத்தில் கடையைக் காட்டும் பதிவு, திருத்தமாக இருக்க வேண்டும். பொருத்தம், தூரம், பெயர் பெற்றிருப்பது என்ற மூன்றையும் அதற்குப் பார்ப்பதாகக் கூகிள் சொல்கிறது. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. தொழில் வகையைச் சரியாகத் தெரிவு செய்து, திறக்கும் நேரத்தைப் போட்டு, வேலை முடிந்த வீட்டாரிடம் கருத்து எழுதக் கேட்கலாம்.

அறிகுறி: சில மாதம் மட்டும் வருகிறது

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமும் இப்படித்தான். வருடாவருடம் புதுப் பக்கம் எழுதாதீர்கள். முகவரியில் ஆண்டைப் போடாமல் ஒரே பக்கத்தை வைத்து, திகதி வெளிவந்ததும் உள்ளே மாற்றுங்கள். அதை இரண்டு மாதம் முன்னரே செய்யுங்கள். தங்குமிடம் தேடுகிறவர் கொடியேறிய பிறகு தேடுவதில்லை.

திருத்திய பிறகு

மாற்றிய திகதியை ஷீட்டில் குறியுங்கள். சேர்ச் கொன்சோலின் முகவரிப் பரிசோதனையில் பக்கத்தைக் கொடுத்து மீண்டும் பார்க்கச் சொல்லிக் கூகிளிடம் கேட்கலாம். பிறகு குறைந்தது நாலு கிழமை கை வைக்காமல் விடுங்கள். மூன்றாம் நாளே டைட்டிலைத் திருப்பி மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருக்காலும் தெரியாது. 28 நாளை அதற்கு முந்திய 28 நாளோடு ஒப்பிடுங்கள். திருவிழாக் காலமென்றால் போன வருடத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள். சேர்ச் கொன்சோல் 16 மாதத் தரவுதான் வைத்திருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இப்போதே ஷீட்டில் இறக்கி வைக்கத் தொடங்குங்கள். திரையில் ஆயிரம் வரிக்கு மேல் காட்டாது, சில சொற்களைத் தேடியவரின் தனியுரிமைக்காக மறைத்தும்விடும். ஆகவே சொற்களின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் உங்கள் பிழை என்று நினைக்க வேண்டாம்.

ஐயாவின் கடையில் போனுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கொப்பி கிடக்கிறது. புதிதாக யாராவது எடுத்தால் மகள் “என்னெண்டு தேடி எங்களைக் கண்டனீங்கள்?” என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுகிறார். மாதக் கடைசியில் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். போன மாதப் பக்கத்தில் ‘உறைப்புக் குறைஞ்ச தூள்’ என்று மூன்று தரம் இருந்தது. அதற்கு எங்களிடம் இன்னும் பக்கம் இல்லை. இந்தக் கிழமை எழுதுகிறேன்.